குங்குமப் புள்ளி விழாத நாட்கள்

அத்தியாயம் 5

செத்துப்போய் ஒரு வருஷம் ஆன கிரண்குமார், சனிக்கிழமை சாயங்காலம் சரியாக நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தான்.

கண்ணாடி என் முகத்தில் இருந்தது. கண்ணாடி என்றால் மூக்கின் மேல் சாதுவாக உட்காருகிற ஐட்டம் இல்லை. பாதி முகத்தை மூடி, தலையைச் சுற்றி வார் போட்டு இறுக்குகிற ரகம். அதன் வழியாகப் பார்த்தால் நாகலாபுரம் காலனியில் ரத்னம்மாவின் வீடு அப்படியே தெரிந்தது. சிமெண்ட் தரை, சாமி படங்கள், தரையில் உட்கார்ந்து பொரி தின்கிற நாலு வயசுப் பேத்தி தேன்மொழி, எல்லாம் நிஜம். அந்த நிஜத்துக்கு நடுவே வாசலைத் தாண்டி ஓர் ஆள் வந்தான். அவன் ஒருத்தன்தான் நிஜம் இல்லை.

"வந்துட்டானா?" ரத்னம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எங்க சார் நிக்கிறான்?"

"வாசல்ல," என்றேன்.

எனக்குப் பின்னால் வரலக்ஷ்மி மேடம் என் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் கண்ணாடியில் பார்ப்பது போனிலும் தெரிகிற மாதிரி இணைத்து வைத்திருந்தேன். சித்தூரில் பன்னிரண்டு வருஷம் செல்போன் ரிப்பேர் பார்த்தவன் நான், கோவர்த்தனன். இப்போது திருப்பதியில் மேடத்தின் துப்பறியும் ஆபீசில் அசிஸ்டென்ட். அமெரிக்க மாப்பிள்ளை நிஜமாகவே அமெரிக்காவில் இருக்கிறானா என்று விசாரிப்பதுதான் எங்கள் பிழைப்பு. செத்தவன் நிஜமாகவே செத்திருக்கிறானா என்று விசாரிக்கச் சொல்லி வந்தது இதுதான் முதல் தடவை.

ரத்னம்மா நேற்று ஆபீசுக்கு வந்து கேட்டது ஒரே கேள்விதான்.

"எம் பையன் உயிரோட கீறானா, இல்லியா? வர்ற திங்கக்கிழமை வருஷத் தெவசம் குடுக்கணும்ன்றாங்க. உயிரோட கீறவனுக்கு நான் எப்டிம்மா தெவசம் குடுப்பேன்? செத்துட்டான்னா, குடுக்காம எப்டி வுடுவேன்? திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

கதை இதுதான். கிரண்குமார் மூன்று வருஷத்துக்கு முன்னால் குவைத்துக்குப் போனான். போகும்போது ஒரு ஜோடி கண்ணாடி வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துப் போனான். அங்கிருந்தே வீட்டைப் பார்க்க, மூலைகளில் மூன்று சின்னக் கேமராப் பெட்டிகளையும் மாட்டினான். வெள்ளிக்கிழமை லீவு நாளில் அங்கே தன் ரூமில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நடப்பான். இங்கே ரத்னம்மா கண்ணாடியில் மகன் வீட்டுக்குள் நடந்து வருவான். பேசுவான், சிரிப்பான், குழம்பில் என்ன போட்டாய் என்று கேட்பான். போன வருஷம் அங்கே ஒரு வேன் கவிழ்ந்தது. சீல் வைத்த பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் முகத்தைப் பார்க்காமலே அடக்கம் நடந்தது.

ஜூன் மாசம் ஒருநாள் மகனின் பழைய பேச்சு ஏதாவது கிடக்குமா என்று ரத்னம்மா கண்ணாடியை மாட்டியிருக்கிறாள். எதிரில் கிரண்குமார் நின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்து தினமும் வருகிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

"அவன் எடுத்துப்போன கண்ணாடியை யார் மாட்டிக்கொண்டாலும் இங்கே கிரண்குமார்தான் தெரிவான் மேடம்," என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தேன். "உருவத்தை அப்படிப் பதிவு பண்ணியிருக்கான். நான் மாட்டினாலும் அவன் முகம்தான் வரும்."

"அப்போ முகத்தை விட்டுடு. மத்ததைப் பார்," என்றார் மேடம்.

மத்ததைப் பார்த்தேன். கிரண்குமார் நல்ல உயரம். காலனி வீட்டின் வாசக்கால் குள்ளம், எனக்கே நெற்றியில் இடித்தது. அவன் குனியவில்லை. மரக்கட்டைக்குள் அவன் தலை புகுந்து, கட்டைக்கு இந்தப் பக்கம் முழுசாக வெளியே வந்தது. ஆனால் கீழே, வாசப்படி மேல் கால் படாமல் தாண்டி வந்தான். நேராகக் குழந்தைக்கு எதிரில் போய்க் குந்தினான். தேன்மொழி அவனைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கண்ணாடி கிடையாது, கண் கெட்டுவிடும் என்று ரத்னம்மா தருவதில்லை. பொரி ஒவ்வொன்றாக வாய்க்குப் போனது. அவன் கையை நீட்டி, அவள் தலைமயிரைத் தொட முடியாமல் தொட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினாலும் அவன் கண்ணாடியோடு கூட வருவானே என்று உட்கார்ந்திருந்தேன்.

வெளியே செருமல் சத்தம். ரத்னம்மாவின் புருஷன் துலுக்காணம் மண்வெட்டியோடு உள்ளே வந்தார். கிரண்குமார் சட்டென்று எழுந்தான். இரண்டு எட்டு பின்னால் போய், சமையல்கட்டு வாசல் ஓரமாகத் தலை குனிந்து நின்றான்.

"பாத்தீங்களா," என்றாள் ரத்னம்மா, அவன் ஒதுங்கி நிற்பதை நான் சொல்லக் கேட்டு. "அந்த காலத்துல நைனா வந்தா நீட்டின கால மடக்கமாட்டான். குவைத்து போய் எம்மாம் மருவாதி கத்துக்கினு கீறான் பாருங்க."

மேடம் சிரிக்கவில்லை. "உங்க பையன் இந்த வாசல்ல குனிஞ்சுதானே வருவான்?"

"குனியாம வந்தா மண்ட ஒடஞ்சிடாதா? பதினாலு வயசுலேர்ந்து குனிஞ்சிதான் வருவான். மெட்ராசுல பெரிய கல்யாண மண்டபத்துக்குப் போனாக்கூட வாசல்ல குனிவான், எல்லாரும் சிரிப்பாங்க."

அரைமணி நேரத்தில் அவன் போய்விட்டான். போனான் என்றால், இருந்த இடத்தில் இல்லாமல் போனான். கண்ணாடியைக் கழற்றியதும் முதல் வேலையாக வெளியே போய் நாலு மடக்கு தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்தபோது மேடம் சுவரில் தொங்கிய தெலுங்குக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜூனில் ஆரம்பித்து, கட்டங்களில் எல்லாம் குங்குமப் புள்ளி.

"அவன் வந்த அன்னிக்கெல்லாம் ஒரு பொட்டு வச்சிடுவேன்," என்றாள் ரத்னம்மா. "எழுதத் தெரியாதும்மா எனக்கு."

"நடுநடுவே புள்ளி இல்லையே?"

"அன்னிக்கி வேல இருந்திருக்கும். குவைத்துல இன்னா சும்மாவா வுடுவான்?"

மேடம் ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்துக்கொண்டார். "அவன் சாமான் வச்ச பெட்டி தனியா வந்ததா?"

"துணி, செருப்பு, போனு எல்லாம் வந்துச்சி. கண்ணாடி மட்டும் வரல. அதாம்மா நான் சொல்றேன், அது அவங்கிட்டதான் கீது. சீலு வச்ச பொட்டியில வந்தது எவனோ." அவள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பைத்தியம்னு இந்த ஊரே சொல்லுது. நீங்களும் சொல்லிடாதீங்க."

"உங்க மருமகள் எங்கே?"

ரத்னம்மாவின் முகம் மாறிவிட்டது. "அவ பேச்ச எடுக்காதீங்க. சிமெண்ட் வூடு வோணும், சிமெண்ட் வூடு வோணும்னு அவதான் அவன குவைத்துக்குத் தொரத்தினா. அவ மூஞ்சில நான் முழிக்கிறதில்ல. பாப்பாவ உட்டுட்டு வெளிய போடின்னுட்டேன்."

பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போது துலுக்காணம் வேலி ஓரமாக வந்தார். மனைவிக்குக் கேட்காத குரலில், "அந்தப் பொண்ணு பேரு சுமித்ரா. அலிபிரிகிட்ட ஒரு லாட்ஜுல துணி தொவைக்குதுன்னு கேள்வி. நல்ல பொண்ணு மேடம். இவளாண்ட சொல்லிடாதீங்க," என்றார். சொல்லிவிட்டு வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே வாழையும் இல்லை, தண்ணீரும் இல்லை.

*

புத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். குவைத்தில் கிரண்குமாருடன் ஒரே ரூமில் இருந்த கோபிகிருஷ்ணனைப் போனில் பிடித்தேன். எடுத்ததும் அழுதுவிட்டான்.

"நீ அவன் முகத்தைப் பார்த்தியாப்பா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம், வுடல. சட்டைய காமிச்சாங்க. அவன் சட்டைதான்னு சொன்னேன்."

"சட்டை மட்டும்தானா?"

"நாங்க நாலு பேரும் சட்டைய மாத்தி மாத்திப் போட்டுக்குவோம் மேடம். அதுலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்ல."

"அவனோட கண்ணாடி?"

"அவன் சாமான் பொட்டிய கட்டினது நான்தான். கண்ணாடிய துண்டுல சுத்தி நடுவுல வச்சேன். சத்தியமா வச்சேன்."

போனை வைத்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மேடம், முகத்தை யாருமே பார்க்கலை. சட்டை பொதுச்சட்டை. அப்போ ஆள் உயிரோட இருக்கச் சான்ஸ் இருக்கு!"

"கண்ணாடி?"

"இவன் வச்சேன்னு பொய் சொல்லலாம். இல்லாட்டி ஏர்போர்ட்டில் எவனாவது சுட்டிருக்கலாம்."

"ஏர்போர்ட்டில் சுட்டவன் மறுநாளே வித்திருப்பான். தினமும் நாலரைக்கு நாகலாபுரத்துக்கு வந்து, பொரி தின்ற குழந்தை எதிர்ல உட்கார்ந்திருக்க மாட்டான்," என்றார் மேடம். "நாலரைன்னா குவைத்துல மணி என்ன?"

"ரெண்டு."

"வேலைக்குப் போறவன் தினமும் ரெண்டு மணிக்கு ரூமில் இருப்பானா? கிரண் வெள்ளிக்கிழமை மட்டும்தானே வந்தான்?"

உற்சாகம் டீயோடு ஆறிப்போனது. மேடம் காலண்டர் போட்டோக்களை வரிசையாகத் தள்ளினார். புள்ளி விழாத நாட்களை நான் டீக்கடை பேப்பரில் எழுதினேன். ஜூன் 21, 22, 23. ஜூலை 19, 20, 21. ஆகஸ்ட் 16, 17, 18. செப்டம்பர் 14, 15, 16. அக்டோபர் 12, 13, 14.

"மாசம் மூணு நாள் கேஷுவல் லீவு," என்றேன். "ஒழுக்கமான பேய். எங்க ஊர் கவர்மெண்ட் ஆபீசில் இவ்வளவு கம்மியா யாரும் லீவு போட மாட்டாங்க."

"அமாவாசையா பார்."

பார்த்தேன். "இல்லை. பௌர்ணமியும் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. இது ஷிஃப்ட் மேடம். எங்கேயோ மூணு நாள் ஷிஃப்ட் மாறுது. அந்தக் கம்பெனியைப் பிடிச்சா..."

மேடம் திருப்பதியில் கோயில் கைங்கர்யம் பண்ணுகிற ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வெங்கடராகவன் பெயரைச் சொன்னால் மாட வீதியில் பாதிப் பேர் கும்பிடுவார்கள். மகள் துப்பறியப் போனதைச் சொன்னால் அதே பாதிப் பேர் காதைப் பொத்துவார்கள். அந்த மேடம் என் பேப்பரை வாங்கி, இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு பேப்பரை மடித்துப் பையில் வைத்தார்.

"கோவர்த்தனா, இந்தக் காலண்டரை நான் பன்னெண்டு வயசுலேர்ந்து வச்சிண்டிருக்கேன்."

"எந்தக் கம்பெனி மேடம்?"

"மண்டு," என்றார் மேடம். "வண்டியை எடு. நாளைக்குச் சாயங்காலம் அலிபிரி போறோம்."

*

ஞாயிற்றுக்கிழமை நாலரை. அலிபிரிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்து. மாடியில் ஒற்றை ரூம். கீழ்வீட்டுக்கார அம்மா இந்திராணி வாசலில் கோதுமை காய வைத்துக்கொண்டிருந்தார்.

"சுமித்ராவா? மேல கீது. நல்ல பொண்ணு, இருக்கிற எடம் தெரியாது. நாலரைக்கு மட்டும் ஏதோ புடிச்சிக்கும். செவுத்தப் பாத்து கைய ஆட்டிக்கினு நிக்கும். அரமணி நேரம். அப்பறம் சரியாப் பூடும். நாங்க கண்டுக்கறதில்ல. பயமா இருந்தா வோணாம், போயிடுங்க."

பயமாகத்தான் இருந்தது. மேடம் ஏறிவிட்டதால் நானும் ஏறினேன்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு பாய், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு புடவை. ரூமின் நடுவில் ஒரு குட்டையான பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கைகள் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. முகத்தில் கண்ணாடி. நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியாது, அவள் அந்த ரூமிலேயே இல்லை.

வெறும் தரையில் அவள் காலைத் தூக்கி, அங்கே இல்லாத ஒரு வாசப்படியை மிதிக்காமல் தாண்டினாள். நிமிர்ந்தபடியே தாண்டினாள். அவள் உயரத்துக்கு எந்த வாசலிலும் குனிய வேண்டிய அவசியம் இருந்திருக்காது. இரண்டு அடி நடந்து குந்தினாள். கையை நீட்டிக் காற்றைத் தடவினாள். மெதுவாக, கோதிவிடுகிற மாதிரி. எழுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் தேன்மொழி பொரி தின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

திடீரென்று அவள் எழுந்தாள். புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இரண்டு எட்டு பின்னால் போய், ஸ்டவ் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

மாமனார் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

நேற்று ஒரு செத்த ஆண்பிள்ளை இதையேதான் செய்தான். மகன் அப்பாவுக்கு எழுந்து ஓரமாகச் சமையல்கட்டில் ஒதுங்க மாட்டான். மருமகள் ஒதுங்குவாள். மாசம் மூன்று நாள் அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்பவளும் மருமகள்தான். டீக்கடைப் பேப்பர் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கம்பெனி, ஷிஃப்ட் என்று நேற்று நான் பேசியதை நினைத்தால் காது சுட்டது.

மேடம் அவசரப்படவில்லை. அரைமணி நேரமும் வாசலிலேயே நின்றார். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்ததும் கத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை அனுப்பினாங்களா?"

"நீதான்னு அவங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் மேடம். "சாமான் பெட்டியிலிருந்து கண்ணாடியை நீதானே எடுத்தே?"

"அவரு தலையெண்ணெ வாசன அந்த வாருல இருந்துச்சி மேடம். அதுக்காகத்தான் எடுத்தேன். ஆறு மாசம் மோந்து பாத்துக்கினு இருந்தேன், அவ்ளோதான். அப்பறம் ஒரு நா மாட்டிப் பாத்தா வூடு தெரியுது. எம் பாப்பா உக்காந்து கீது." அவள் குரல் உடைந்தது. "பாப்பாவ பாத்துட்டுப் போயிடலாம்னுதான் போனேன். நான் அவரு மாரி தெரிவேன்னு எனக்குத் தெரியாது. அத்தை, வந்துட்டியாடான்னு வுழுந்து அழுவுறாங்க. வாயத் தொறந்தா நான்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சா ஒயர புடுங்கிடுவாங்க. பாப்பா எனக்கு இல்லாமப் பூடும்."

"அந்த மூணு நாள் மட்டும் ஏம்மா போகலை?" கேட்டது நான். கேட்டிருக்கக் கூடாது.

அவள் தரையைப் பார்த்தாள். "வூட்டுக்குத் தூரமா இருக்கும்போது அத்தை உள்ள வுடமாட்டாங்க. சாமி படம் கீது. நான் இங்க இந்த ரூம்புலதான் நிக்கிறேன், யாரும் பாக்கமாட்டாங்க, எல்லாம் தெரியும். ஆனா கால் எடுத்து வைக்க வரல. பாப்பாவ பாக்கணும்னு உயிரு போவும். அப்பவும் வரல."

மேடம் உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றார். "எங்காத்துல கிணத்தடியில ஒரு ரூம் இருந்தது. கதவைத் திறந்து வச்சாலும் வெளியே வரமாட்டேன் நான். புரியறது." அப்புறம் குரலை மாற்றிக்கொண்டார். "நாளைக்குத் தெவசம். அவங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. நான் பதில் சொல்லியாகணும். கண்ணாடியில வர்றது அவர் இல்லை, நீதான்னு என்னால சொல்ல முடியும். அவர் உயிரோடவே இல்லைன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை. முகத்தை யாருமே பார்க்கலையே."

சுமித்ரா தலையைத் தூக்கினாள்.

"நான் பாத்தேன்," என்றாள்.

கீழே இந்திராணியம்மா கோதுமையை அள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மெட்ராசு ஏர்போர்ட்டுல. மாமாவுக்கு மயக்கம் வந்து படுத்துட்டாரு. கையெழுத்து போடணும், ஆள பாத்தாத்தான் போட முடியும்னேன். தொறந்து காமிச்சாங்க. தொறக்கவே இல்லன்னு எல்லாராண்டயும் நான்தான் சொன்னேன். சீலு திரும்ப வைக்கச் சொன்னதும் நான்தான்."

"ஏம்மா?"

"அத்தை பாத்திருந்தா அன்னிக்கே போயிருப்பாங்க மேடம்."

யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் ஒரு தாய் இத்தனை மாசமாக மகன் உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுத்தவள் அவளே துரத்திவிட்ட மருமகள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார் மேடம்.

சுமித்ரா வெகுநேரம் கண்ணாடியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மாட்டிக்கொண்டாள். சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன். காதோரத்து ஸ்பீக்கரிலிருந்து நாகலாபுரம் மெல்லிசாகக் கேட்டது. பாத்திரம், கோழி, குழந்தையின் முணுமுணுப்பு. நான் போன் போட்டு ரத்னம்மாவைக் கண்ணாடி போடச் சொன்னேன்.

"திரும்பி வந்துட்டான்!" ரத்னம்மாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஒரே நாள்ல ரெண்டு தபா!"

"அத்தை," என்றாள் சுமித்ரா. "நான் சுமித்ரா."

கோழிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"எத்தினி நாளா?" என்றது ரத்னம்மாவின் குரல்.

"மொத நாள்லேர்ந்து அத்தை."

"அடிப்பாவி." ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "அப்ப எம் பையன்?"

"நான் அவர பாத்தேன் அத்தை. ஏர்போர்ட்டுல. அவருதான்."

"மூஞ்சி?"

சுமித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். "கேக்காதீங்க."

"சொல்லுடி. பெத்தவ கேக்கறேன்."

"நெத்தி நல்லா இருந்திச்சி அத்தை. நெத்தியில ஒண்ணுமே ஆவல. நான் துந்நூறு வச்சி வுட்டேன்."

அப்போதுதான் ரத்னம்மா அழ ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக அழாமல் வைத்திருந்ததெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரைப் பிய்த்துக்கொண்டு வந்தது. குழந்தை, ஆயா ஆயா என்று கூப்பிடுவது கேட்டது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுமித்ரா அசையாமல் நின்றாள். அசைந்தால் அங்கே மகன் அசைவான் என்பதாலோ என்னவோ.

அழுகை ஓய்ந்து வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"போயிடாத. இருடி. வாயத் தொறந்து பேசாத. அவனாவே நில்லு, ரவ நேரம்."

ஏதோ டப்பா மூடி திறக்கும் சத்தம். காலடி. பிறகு ரத்னம்மாவின் குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. "இந்தாடா நைனா. அன்னிக்குக் குடுக்கலன்னு கோச்சிக்காத. இந்தா, வாங்கிக்க."

சிமெண்ட் தரையில் அரிசி சிதறி விழுவது கேட்டது. பெட்டியைத் திறக்காததால் போட முடியாமல் போன வாய்க்கரிசி.

உயிரோடு இருக்கிற பெண்ணின் வாய்க்கு வாய்க்கரிசி. "மேடம், வேணாம், கழட்டச் சொல்லுங்க," என்று அடிக்குரலில் சொன்னேன். மேடம் என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார்.

சுமித்ரா கழற்றவில்லை. கண்ணாடிக்குக் கீழே கன்னம் முழுக்க நனைந்திருந்தது. அந்த வெறும் ரூமில் அவள் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்தாள். இன்னொரு பிடி விழுந்தது. மூன்றாவது பிடியும் விழுந்தது. அதுவரைக்கும் அவள் வாயை மூடவில்லை.

"போதும்," என்றாள் ரத்னம்மா. "போய்ட்டு வாடா."

டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"சுமித்ரா."

"அத்தை."

"அத கழட்டி வச்சிடு. காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்பி வா. பாப்பா எழுந்திருக்கறதுக்குள்ள வந்துடு."